கூடம் கோணல்தான்

பாட்டின் நடுவில் என் தங்கை நின்றுவிட்டாள். கால் தடுக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. வலது கையைத் தூக்கியபடி, அடுத்த அடியை யாரோ பிடுங்கிக்கொண்டு போனதுபோல் நின்றாள். ஒத்திகைக் கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதிலும் ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"என்ன ஆச்சு?" என்றேன், அவள் முகத்துக்கு நேராகப் போய். அவளிடம் எதைச் சொன்னாலும் முகத்துக்கு நேராகத்தான் சொல்ல வேண்டும்.

"நீ பாட்டை மாத்திட்ட."

"ஒரு நோட்டைக்கூடத் தொடல."

"மாத்திட்டண்ணா. கீழ வர்ற டிரம் அடியைக் காணோம்."

பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது போனது. மொத்தமாகப் போகவில்லை. இடது காதில் மிஷின் வைத்துக்கொண்டால் கனத்த ஒலிகள் மட்டும் கேட்கும். லாரி போவது, தண்ணீர் மோட்டார் உறுமுவது, பெரிய டிரம் இப்படி. பேச்சு கேட்காது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். என் மீசையை எடுக்கவைத்தவள் அவள்தான். "புதருக்குள்ள இருந்து பேசுறவங்களோட எனக்குப் பேச்சு இல்ல" என்று சொல்லிவிட்டு, நான் கத்தரிக்கோலை எடுக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், அதனால் வீட்டில் அவளுக்கு இடி என்று பெயர். கூப்பிட்டால் கேட்காது என்றாலும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவோம்.

அப்படிப்பட்டவள் ஆடுகிறாள் என்றால் நம்புவதற்கு ஆள் கிடையாது. டான்ஸ் மாஸ்டரின் குழுவில் இத்தனை காலம் முன்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆடினாள். இந்த முறை முதன்முதலாகத் தனியாக ஆட ஓர் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஏழு நிமிடம், மேடையில் அவள் மட்டும். மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஓரத்தில் நின்று யாரும் கைகாட்டக் கூடாது. அவளே கேட்டு ஆட வேண்டும். முடியாவிட்டால் ஆடுவதற்கு இன்னொரு பெண் எல்லா அசைவும் பழகித் தயாராக இருந்தாள்.

இசை நான் போட்டது. கம்ப்யூட்டரில் இசை அமைப்பதுதான் என் தொழில். பெரிய ஆளெல்லாம் இல்லை. கடைத் திறப்பு விளம்பரம், பள்ளி ஆண்டு விழா, கல்யாண வீடியோ என்று யார் கேட்டாலும் செய்து கொடுப்பேன். ஆனால் இந்த ஏழு நிமிடத்தை அவளுக்காக மட்டுமே செய்தேன். மேலே வயலின், புல்லாங்குழல் எல்லாம் உண்டு. அது பார்க்க வருகிறவர்களுக்கு. அடியில் ஒரு பெரிய டிரம் தாளத்தைத் தாங்கிக்கொண்டு கடைசிவரை போகும். அது அவளுக்கு. ஆறு மாதம் அந்த டிரம்மைக் கேட்டுத்தான் ஒவ்வொரு அசைவாகப் படித்தாள்.

போன மாதக் கடைசியில் என் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. டிஸ்க்கும் கூடவே போனது. ப்ராஜெக்ட் ஒரு பென்டிரைவில் இருந்ததால் நான் கவலைப்படவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வந்து சேர்கிறவரை இரண்டு வாரம் ஒத்திகை பாட்டு இல்லாமல், மாஸ்டர் விரலை மடக்கி எண்ணிக் காட்டுவதை வைத்தே நடந்தது. வந்ததும் அதே மென்பொருளைப் போட்டேன். புதுப் பதிப்புதான் கிடைத்தது, போட்டுவிட்டேன். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அப்போது தெரியவில்லை. ப்ராஜெக்ட் ஒழுங்காகத் திறந்தது. சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே கேட்டது.

"எனக்கு முன்னைவிட நல்லாதான் இருக்கு" என்றார் மாஸ்டரும். "அழுக்கெல்லாம் போய்த் துல்லியமா இருக்கு. நீ கவனமா ஆடும்மா."

மறுபடி ஆடவிட்டோம். மறுபடி அதே இடத்தில் நின்றாள். மூன்றாம் முறை அதற்கும் முன்னாலேயே நின்றாள். "அடி காணோம்ண்ணா" என்று அதையே சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் என் வாய்க்கு வேலியே கிடையாது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

முகத்துக்கு நேராகச் சொன்னதால் ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த இன்னொரு பெண் தரையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, திரையில் நோட்டுகளை விரித்தேன். வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டைகள். அவளுக்கு இது புதிதில்லை. காதால் பிடிக்க முடியாத இடங்களை இந்தத் திரையைப் பார்த்துத்தான் படித்திருந்தாள். ஒவ்வோர் இடமாக விரலை வைத்துக் காட்டினேன்.

"இதோ இருக்கு டிரம். அதே இடம், அதே நீளம், அதே அழுத்தம். எங்க மாறியிருக்கு, நீயே சொல்லு."

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். முதலிலிருந்து கடைசிவரை தானே நகர்த்திப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"மாறல" என்றாள். "எல்லாம் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அப்ப எனக்குத்தான் போயிடுச்சு."

அழுகிற குரலில் சொல்லவில்லை. கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று வந்து சொல்கிறவள் குரலில் சொன்னாள். காதிலிருந்த மிஷினைக் கழற்றி, துடைத்து, அதன் டப்பாவில் வைத்து மூடினாள். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அது இடி மாதிரிக் கேட்கவில்லை. வழக்குப் பேசி ஜெயித்துவிட்டு நான் மட்டும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் முற்றமெல்லாம் ஓடியது. அம்மா துடைப்பத்தோடு வந்து என் அறை வாசலில் நின்றாள்.

"மோட்டாரை நிறுத்துன்னு அவதான் எப்பவும் முதல்ல சத்தம் போடுவா. இன்னிக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கா, தெரியல. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமேப்பா."

"மிஷினைக் கழட்டி டப்பாவுல வச்சுட்டு உக்காந்திருந்தா எப்படிம்மா தெரியும்?"

"காதுல வச்சுக்கிட்டுத்தான் இருந்தா."

"சும்மா நீ வேற பயமுறுத்தாத. ஷோ முடியட்டும்."

அம்மாவை அனுப்பிவிட்டேனே ஒழிய, உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முடிவில் பென்டிரைவைக் கிளறியபோது ஒரு துண்டு கிடைத்தது. நிகழ்ச்சியைப் பற்றி விளம்பரப்படுத்த மாஸ்டர் கேட்டார் என்று, இசையின் தொடக்கத்தை அரை நிமிடத்துக்கு ஆடியோவாக எடுத்துக் கொடுத்திருந்தேன். அதற்குப் பிறகு தாளத்தின் வேகத்தை மாஸ்டர் பலமுறை மாற்றச் சொன்னதால் ஆடுவதற்கு அது உதவாது. மாறிக்கொண்டே இருக்கிறதே, கடைசியில் ஆடியோவாக எடுத்துக்கொள்ளலாம் என்று முழுதாக ஒரு பிரதி எடுக்காமல் விட்டதும் அதனால்தான். ஆனால் அந்த அரை நிமிடம் பழைய பதிப்பில் பிறந்தது. அதையும் புதுப் பதிப்பையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒலியின் அளவைத் திரையில் படமாகக் காட்டுகிற சன்னலைத் திறந்தேன். பழையதில் அடிமட்டத்தில், கனத்த ஒலிகளுக்கான இடத்தில், ஒரு மலை எழுந்து எழுந்து விழுந்தது. புதியதில் அந்த இடம் வெறும் தரை.

திரையில் கட்டை கட்டையாகத் தெரிகிற அந்த நோட்டுக் குறிப்புக்கு மிடி என்று பெயர். மிடி என்பது ஒலி கிடையாது. இதை வாடிக்கையாளர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன், விளக்கிய எனக்குப் புத்தி வரவில்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது மட்டும்தான் அதில் இருக்கும். தையல்காரர் குறித்துவைக்கிற அளவு மாதிரி. தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று இருக்குமே தவிர அதில் துணி இருக்காது. துணியை மென்பொருள் தன் அலமாரியிலிருந்து எடுத்துத் தைக்கும். பழைய பதிப்பின் அலமாரியில் பெரிய டிரம் என்று ஒன்று இருந்தது. புதுப் பதிப்பிலும் அதே பெயரில் ஒன்று வைத்திருந்தார்கள், ஆனால் அது புதிதாகப் பதிவு செய்த வேறொரு டிரம். அழுத்தம் என்று நான் போட்டிருந்த எண் பழையதில் ஓங்கி அறைந்தது, புதியதில் முதுகைத் தட்டிக்கொடுத்தது. போதாததற்கு அடியிலிருந்த குமுறலைச் சீவி எடுத்திருந்தார்கள். போனிலும் சின்ன ஸ்பீக்கரிலும் கேட்கிறவர்களுக்கு அது வெறும் இரைச்சல். ஒலிகள் மேலும் தெளிவாக்கப்பட்டுள்ளன என்று புதுப் பதிப்பின் குறிப்பில் பெருமையாக எழுதியிருந்தது. தெளிவாகத்தான் இருந்தது, எல்லாம் கேட்கிற காதுக்கு. அவளுக்கென்று நான் வைத்ததை அழுக்கு என்று துடைத்துவிட்டார்கள்.

அவள் அறைக்கு ஓடினேன். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"உன் காதுல தப்பில்ல. சாஃப்ட்வேர்லதான் தப்பு. வா, வந்து பாரு."

படத்தைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள்.

"அப்ப காது இருக்கா?"

"இருக்குடி."

"சத்தியமா?"

"சத்தியமா."

என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "கூடம் கோணல்னியே, நாக்குல சூடு வைக்கணும் உனக்கு" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். முந்தின நாள் ராத்திரியும் அன்று காலையிலும் சாப்பிடாதவள் அம்மாவிடம் போய்த் தட்டை நீட்டினாள். என்னிடம் யாராவது அப்போது ஒரு மலையைத் தூக்கச் சொல்லியிருந்தால் தூக்கியிருப்பேன்.

தூக்க வேண்டியது வேறாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பழைய டிரம் வேண்டும். புதுப் பதிப்பின் டிரம்மில் அடிமட்டத்தை ஏற்றிப் பார்த்தேன். வெட்டி எறிந்ததை ஏற்றினால் எங்கிருந்து வரும்? வெறும் காற்றுதான் வந்தது. அடியில் வேறொரு ஒலியைச் சேர்த்துப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாள்.

"ஏதோ இருக்கு" என்றாள். "எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரியல."

"ஆமா, இது டூப்பு. அசல் வந்தா தெரியும்."

"அசல் வரும்ல?"

"வரும், வரும்."

மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். பழைய பதிப்புக்கான சேவை நிறுத்தப்பட்டுவிட்டது, புதிய பதிப்பை அனுபவித்து மகிழுங்கள் என்று உடனே பதில் வந்தது. எழுதியது மனிதனாக இருந்தால் சண்டையாவது போடலாம். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். எல்லாரும் அப்டேட் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். பழசு எதுக்குப்பா, புதுசுல சவுண்டு சூப்பரா இருக்கே என்றார்கள்.

கடைசியில்தான் மொட்டையின் ஞாபகம் வந்தது. மொட்டைக்குத் தலை நிறைய முடி. சின்ன வயதில் பேன் தொல்லைக்குத் தலையை மழித்தார்களாம், முடி வளர்ந்துவிட்டது, பெயர் போகவில்லை. ஓர் அச்சகத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தான். சுவரெல்லாம் முட்டை அட்டை, ஏசி சொட்டுவதற்குக் கீழே ஒரு வாளி. அவனுடைய கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது. ஓடுகிற வண்டியின் பானட்டைத் திறக்கக் கூடாது என்பது அவன் கொள்கை. அவனிடம் பழைய பதிப்பு அப்படியே இருந்தது. அதைக் கேட்டதும், காலையிலேயே வருகிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை விடிந்ததும் போய்விட்டேன். பட்ட காலிலே படும் என்பார்களே, ப்ராஜெக்ட் திறக்கவில்லை. புதுப் பதிப்பில் ஒருமுறை சேமித்துவிட்டால் பழையது அதைப் படிக்காதாம். நான்தான் சேமித்திருந்தேன், ஒருமுறைக்குப் பத்துமுறை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நோட்டு மட்டும் வருமில்ல?" என்றான் மொட்டை. "மிடியா எடுத்துட்டு வா. மத்ததை ஒண்ணொண்ணா கையால போடு. போட்டவன் நீதானே."

வேறு வழியில்லை. வீட்டுக்கு ஓடி, வெறும் நோட்டுகளை மட்டும் மிடிக் கோப்பாக எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். எந்த வரிக்கு எந்த வாத்தியம், எவ்வளவு சத்தம், எவ்வளவு எதிரொலி என்று ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக வைத்தேன். வாத்தியங்களை ஒரு பதிப்பு ஒன்றிலிருந்து எண்ணுகிறது, இன்னொன்று பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அதனால் முதலில் போட்டபோது எல்லாம் ஒரு வீடு தள்ளிக் குடியேறியிருந்தன. புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் என்னவோ பிளிறியது.

"உன் தங்கச்சி ஆடப்போறாளா, படையெடுக்கப்போறாளா?" என்றான் மொட்டை.

சிரிக்கவும் தெம்பில்லை. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மத்தியானம் போய் வெயில் சாயும்போது பெரிய டிரம் அறையில் விழுந்தது. வாளியில் இருந்த தண்ணீர் வளையம் வளையமாக அசைந்தது. பழைய அழுக்கு, பழைய குமுறல் எல்லாம் அப்படியே இருந்தன. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. மொட்டைக்குப் போதவில்லை.

"காதை நம்பாத. நாள் பூரா கேட்டுக் கேட்டு உன் காது சொன்னபடி கேக்கும். அந்த அரை நிமிஷத் துண்டு வச்சிருக்கியே, அதோட கவுத்துப் போட்டுப் பாரு."

கவிழ்த்துப் போடுவது எங்கள் தொழிலில் ஒரு சோதனை. இரண்டு ஒலிகளில் ஒன்றின் அலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மற்றதோடு சேர்த்து ஓடவிட வேண்டும். கயிறு இழுக்கிற போட்டியில் இரண்டு பக்கமும் ஒரே பலம் என்றால் கயிறு அசையாது. அதுபோல இரண்டு ஒலியும் அச்சு அசலாக ஒன்று என்றால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எதுவும் கேட்காது. துளி வித்தியாசம் இருந்தாலும் அந்தத் துளி மட்டும் கேட்கும்.

அந்தத் துண்டின் பழைய வேகத்துக்கே தாளத்தை இறக்கி, அதே அரை நிமிடத்தை எடுத்துக் கவிழ்த்துப் போட்டோம். மெல்லிய சீறல் ஒன்று மிச்சம் கேட்டது. எதிரொலியில் ஒரு எண்ணைத் தவறாக வைத்திருந்தேன். திருத்திவிட்டு மறுபடி போட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தை முழுக்க ஏற்றினோம். மீட்டர் அசையவில்லை. திரையில் இரண்டு அலைகளும் ஓடிக்கொண்டிருந்தன, அறையில் ஏசி சொட்டுகிற ஒலி மட்டும் கேட்டது. இரண்டும் ஒன்றேதான். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டேன்.

"பாட்டுல சத்தமே வரலைன்னு சந்தோஷத்துல அழுற மியூசிக்காரனை இப்பதான்டா பாக்குறேன்" என்றான் மொட்டை. டீ வாங்கிக் கொடுத்தான். ஏழு நிமிடத்தையும் இந்த முறை ஆடியோவாகவே எடுத்துக்கொண்டு, பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, அதன்மேல் கையை வைத்தபடியே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் போட்டுக்காட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. "நாளைக்குக் கூடத்துலயே கேக்குறேன். முழுசா ஆடிக் கேக்கணும்" என்றாள். அவள் கண்ணில் இருந்தது ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கூடத்தில் மாஸ்டர் இருந்தார். சுவரோரம் அந்த இன்னொரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்பீக்கரைப் பழைய ஒத்திகைகளில் இருந்த அதே மூலையில், அதே கோணத்தில் வைத்தேன். சத்தத்தின் அளவையும் அதே கோட்டில் நிறுத்தினேன். இடி தன் மிஷினுக்குப் புது பேட்டரி போட்டாள். காதுக்குள் போகிற அச்சைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலால் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"இன்னிக்கு எங்கயாவது நின்ன, அண்ணனும் தங்கச்சியும் வேற வேலை பாருங்க" என்றார் மாஸ்டர் பாதி விளையாட்டாக. அவள் உதட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

அந்த ஆட்டம் கண்ணை மூடிக்கொண்டுதான் தொடங்கும். டிரம் தனியாக விழும். மூன்றாவது அடியில் அவள் கண்ணைத் திறக்க வேண்டும். நடுக்கூடத்தில் போய் நின்று கைகளைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினாள். எனக்கு அவள் கழுத்தில் நரம்பு துடிப்பது தெரிந்தது. பொத்தானை அழுத்தினேன்.

முதல் அடி விழுந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

நான்காவது, ஐந்தாவது. வயலின் தொடங்கிவிட்டது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டி ஸ்பீக்கரின் முகத்தைத் தொட்டேன். உள்ளிருந்து ஒருவன் குத்துவதுபோல் டிரம் என் உள்ளங்கையில் இடித்தது. குறை சொல்ல இனி எனக்கு ஒரு மென்பொருள்கூடக் கிடையாது. இது அதே டிரம்தான் என்று நேற்று நானே மிச்சம் வைக்காமல் நிரூபித்திருந்தேன். ஏதாவது ஒரு சீறல் மிச்சம் இருந்திருக்கக் கூடாதா என்று மனது கெஞ்சியது.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"போடுண்ணா" என்றாள். "நான் ரெடி."

கூடம் முழுக்க இசை நிறைந்து கிடந்தது. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை அசைக்காவிட்டால் என் முகமே அவளிடம் சொல்லிவிடும், அசைத்தால் பொய்தான் வரும்.

"இரு, ஒயர்ல ஏதோ கோளாறு" என்றேன். "இன்னும் போடல."

சரி என்று தலையாட்டினாள். கைகளை மறுபடி கோத்துக்கொண்டாள். கண்ணை மூடப்போனவள் மூடவில்லை. அவள் பார்வை என்னைத் தாண்டிச் சுவரோரம் போய் நின்றது. அங்கே அந்தப் பெண்ணின் கால் தன்னையறியாமல் தரையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. டிரம் விழுகிற இடத்திலெல்லாம் சரியாகத் தட்டியது. சிமெண்ட் தரை, நடுக்கூடம்வரை அதிர்வு எதுவும் போய்ச் சேராது. அவள் அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு நடந்து வந்தாள். நான் வழிமறித்து நின்றேன். என்னை மெதுவாக விலக்கிவிட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் முழங்காலிட்டு, நான் வைத்திருந்த அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. கை விரல்கள் ஆட்டத்தில் வருகிற அசைவுகளைச் சின்னதாகச் செய்தன, ஒன்றுகூடத் தப்பவில்லை. மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

என் முகத்தைப் பார்த்தாள். அவளைவிட நான்தான் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும்.

"இதேதான்" என்றாள். "பழைய அடியேதான்ண்ணா. சரியா கொண்டுவந்துட்ட."

சுவரோரம் இருந்த பெண் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். பாட்டு முடிய இன்னும் நிறைய இருந்தது. நான் நிறுத்தவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.